புது கிராபிக்ஸ் கார்டு, பழைய மதர்போர்டு: திரை கறுப்பாகவே நிற்கிறதா?

கேள்வி: என் மதர்போர்டு 2018-ல் வாங்கியது. பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் புதிய கார்டைப் போட்டேன். மின்விசிறிகள் சுற்றுகின்றன, போர்டின் ஓரத்தில் ‘வி.ஜி.ஏ.’ என்ற சிறு விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. திரையில் எதுவும் வரவில்லை. பழைய கார்டைத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாக ஓடுகிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடவா, பயாஸ் அப்டேட் செய்து பார்க்கவா?

பதில்: இரண்டையுமே கொஞ்சம் தள்ளி வையுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் கெடு என்று மட்டும் இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் கார்டு காரணமாக இருப்பதில்லை.

முதலில் ஐந்து நிமிட வேலை. மானிட்டர் கேபிள் போர்டின் பின்புறத் துளையில் இல்லாமல் கார்டிலேயே செருகியிருக்கிறதா? கார்டின் மின் இணைப்புகள் எல்லாம் ‘டக்’கென்று உட்கார்ந்திருக்கின்றனவா? கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாகக் கிடைப்பது 75 வாட்தான். 6 பின் இணைப்பு இன்னொரு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் தரும். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒன்றை மட்டும் கொடுத்திருந்தாலும் விசிறி சுற்றும், படம் வராது.

இவை சரியென்றால் சிக்கல் ஃபர்ம்வேரில், அதாவது வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில் இருக்கலாம். கணினி எழும்போது இரண்டு ஃபர்ம்வேர்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும்: ஒன்று மதர்போர்டின் பயாஸ், மற்றது கார்டுக்குள் இருக்கும் வீபயாஸ். பழைய போர்டுகள் பலவற்றில் ‘சி.எஸ்.எம்.’ என்ற அமைப்பு ஆனில் இருக்கும். பழைய கால லெகசி முறையில் கணினியை எழுப்புவதற்கான ஏற்பாடு அது. புதிய கார்டுகளோ யூ.ஈ.எஃப்.ஐ. என்ற இன்றைய எழுப்பும் முறையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. போர்டு ஒரு முறையில் கூப்பிட, கார்டு இன்னொரு முறையில் காத்திருக்க, திரை கறுப்பாகவே நின்றுவிடும்.

பழைய கார்டு வேலை செய்வது உங்களுக்குப் பெரிய வசதி. அதைப் போட்டு விண்டோஸுக்குள் போய், தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து, ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே ‘லெகசி’ என்றிருந்தால் குற்றவாளி அநேகமாகச் சிக்கிவிட்டது.

ஆனால் உடனே பயாஸுக்குள் போய் சி.எஸ்.எம்.-ஐ அணைத்துவிடாதீர்கள். லெகசி முறையில் நிறுவிய விண்டோஸ், எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறை டிஸ்க்கில் இருக்கும், சி.எஸ்.எம். போனதும் அது எழாது. முதலில் டிஸ்க்கை ஜி.பி.டி. என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது, பெயர் ‘எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.’. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் ‘வேலிடேட்’ சுவிட்சோடு ஓட்டிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து செய்வதால் ‘அலோ ஃபுல் ஓ.எஸ்.’ சுவிட்சையும் சேர்க்க வேண்டும். சோதனை தேறினால் மட்டுமே ‘கன்வர்ட்’. தேறாமல் போவதற்கு வழக்கமான காரணம், டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன்கள் இருப்பது, அல்லது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்று இருப்பது. மாற்றம் முடிந்ததும் பயாஸில் சி.எஸ்.எம்.-ஐ அணைத்து, பழைய கார்டோடு ஒருமுறை விண்டோஸ் எழுகிறதா என்று உறுதி செய்த பிறகே புதிய கார்டைப் போடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது தவறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

‘பயாஸ் மோட்’ ஏற்கெனவே யூ.ஈ.எஃப்.ஐ. என்று காட்டினால் அடுத்த படி போர்டின் பயாஸ் அப்டேட். அதற்கும் அசையாவிட்டால்தான் கார்டின் ஃபர்ம்வேர். இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 மானிட்டர்களோடு விண்டோஸ் வரும்வரை திரை இருண்டிருந்த சிக்கலுக்காக என்விடியா 2018-ல் ஒரு ஃபர்ம்வேர் கருவி வெளியிட்டது. 2025-ல் ஆர்.டி.எக்ஸ். 5060 வரிசைக்கும், ரீபூட் செய்யும்போது திரை வராமல் போவதைச் சரிசெய்ய ஒன்று வந்தது. கருவியை ஓட்ட விண்டோஸ் திரை தெரிய வேண்டுமே! பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால் கேபிளைப் போர்டில் செருகி எழுப்பலாம். இல்லையென்றால் இரண்டாவது ஸ்லாட்டில் பழைய கார்டு. டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் பதிலாக எச்.டி.எம்.ஐ. கேபிளைப் போட்டாலே சில நேரம் படம் வந்துவிடும். அதை முதலில் முயலுங்கள்.

கேள்வி: பயாஸ் அப்டேட் செய்யத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என் பதிப்புக்கும் புதியதற்கும் இடையில் பத்துப் பதினைந்து பதிப்புகள் உள்ளன. நேரடியாகக் கடைசிக்குத் தாவலாமா? என் பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸும் இல்லை.

பதில்: பெரும்பாலும் தாவலாம்; ஆனால் ஒவ்வொரு பதிப்பின் கீழும் இருக்கும் இரண்டு வரிக் குறிப்பைப் படிக்காமல் தாவக்கூடாது. ‘இதற்கு முன் இந்தப் பதிப்பை ஏற்றுக’ என்ற நிபந்தனை அங்கேதான் இருக்கும். ஏஎம்4 (ஏ.எம்.டி. பிராசஸர்களுக்கான ஒரு சாக்கெட் வகை) போர்டு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றில் பலவற்றின் பயாஸ் சிப் வெறும் 16 எம்.பி.; புதிய ரைசன்களுக்கு இடம் வேண்டுமென்று சில பதிப்புகளில் பழைய ஏ-சீரிஸ் பிராசஸர்களுக்கான ஆதரவை நீக்கிவிட்டார்கள். உங்கள் பிராசஸர் புதிய பதிப்பின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பீட்டா’ என்று போட்டிருந்தால், அதன் குறிப்பில் உங்கள் சிக்கலே எழுதியிருந்தாலொழிய விட்டுவிடுங்கள்.

போர்டின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் ‘ரெவ் 1.0’, ‘ரெவ் 1.1’ என்று வேறு வேறு போர்டுகள் வரும், பயாஸும் வேறாகலாம். இந்த எண் போர்டின் ஒரு மூலையில் வெள்ளை எழுத்தில் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, ஜிப் கோப்பைப் பிரித்து உள்ளிருக்கும் கோப்பை மட்டும் அதில் போடுங்கள். ஜிப்பாகவே போட்டுவிட்டு ‘கோப்பு தெரியவில்லை’ என்று தவிப்பவர்கள் மிக அதிகம். படம் வரும் ஏதாவது ஒரு கார்டு இருந்தால் பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃப்ளாஷ் கருவியில் செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து செய்யும் மென்பொருள் வேண்டாம். நடுவில் விண்டோஸ் உறைந்தால் போர்டும் போச்சு. படமே இல்லையென்றால், போர்டின் பின்புறம் ‘பயாஸ் ஃப்ளாஷ்பேக்’ பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். இதற்குப் போர்டின் 24 பின் மின் இணைப்பும் பிராசஸர் மின் இணைப்பும் போதும். கோப்பின் பெயரை மானுவல் சொல்லும்படி மாற்றி, குறியிட்ட யூ.எஸ்.பி. துளையில் செருகி, கணினி அணைந்த நிலையில் பொத்தானை மூன்று விநாடி அழுத்துங்கள். விளக்கு மின்னுவது நிற்கும்வரை கை வைக்காதீர்கள். மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

அப்டேட் முடிந்ததும் பலர் பதறும் இடம் ஒன்று உண்டு. டி.டி.ஆர்.5 மெமரி என்றால் முதல் எழுச்சியில் சில நிமிடங்கள் திரை கறுப்பாக இருக்கும். மெமரியைப் பழக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்; பவர் பொத்தானை அழுத்திக் கொல்லாதீர்கள். ரைசன் கணினிகளில் ‘எஃப்.டி.பி.எம். ரீசெட் செய்ய ஒய், வேண்டாமென்றால் என்’ என்று கேட்கலாம். எஃப்.டி.பி.எம். என்பது பிராசஸருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பெட்டகம். பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருக்க, மீட்புச் சாவி கையில் இல்லாமல் ‘ஒய்’ அழுத்தினால் உங்கள் டிஸ்க் உங்களுக்கே திறக்காது. சாவியை அப்டேட்டுக்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள். மெமரி வேகம், ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும்) அமைப்பு, சி.எஸ்.எம். எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும், திரும்ப அமையுங்கள்.

கேள்வி: பழைய ஆர்.டி.எக்ஸ். 3070 ஒன்று கைமாற்றி வாங்கினேன். பயாஸில் ‘ரீசைசபிள் பார்’ ஆன் செய்தும் டிரைவர் ‘இல்லை’ என்கிறது.

பதில்: வழக்கமாகப் பிராசஸர் வீடியோ மெமரியை 256 எம்.பி. சன்னல் வழியாகத்தான் பார்க்கும். ரீசைசபிள் பார் அந்தச் சன்னலை முழு அளவுக்குத் திறக்கிறது. இதற்குப் போர்டு பயாஸ், வீபயாஸ், டிரைவர் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். 3070-க்கான வீபயாஸ் அப்டேட் 2021 மார்ச் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் தயாரான கார்டை யாரும் அப்டேட் செய்யாமலே விற்றிருக்கலாம். கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில், அதே மாடலுக்கான கருவியை மட்டும் பயன்படுத்துங்கள். பெயர் நெருங்கியிருக்கிறதே என்று வேறு கார்டின் கோப்பை ஏற்றினால் கார்டு செங்கல்லாகிவிடும். போர்டின் பயாஸில் ‘அபோவ் 4ஜி டிகோடிங்’ என்ற அமைப்பு ஆனிலும் சி.எஸ்.எம். ஆஃபிலும் இருக்கட்டும். இன்டெலின் ஆர்க் கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ரீசைசபிள் பார் இல்லாத போர்டில் ஆர்க் கார்டு கணிசமாகத் தளர்ந்துவிடும். அந்த போர்டை வைத்துக்கொண்டு ஆர்க் வாங்காதீர்கள்.

கேள்வி: கார்டை ரைசர் கேபிள் போட்டுச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு படம் வரவில்லை. போர்டு கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. ரைசர் (ஸ்லாட்டிலிருந்து கார்டுக்கு நீளும் கேபிள்) பி.சி.ஐ.இ. எனும் ஸ்லாட் இணைப்பின் மூன்றாம் தலைமுறைக்கானது, கார்டும் போர்டும் நான்காம் தலைமுறை என்றால், முன்பு யாரோ ஸ்லாட்டை ‘ஜென் 3’ என்று கையால் அமைத்திருப்பார்கள். அப்டேட் அதை ‘ஆட்டோ’வுக்குத் திருப்பிவிட்டது. கார்டை நேராக ஸ்லாட்டில் போட்டு எழுப்பி, ஸ்லாட்டை ஜென் 3 ஆக்கிச் சேமித்துவிட்டு, மறுபடி ரைசரில் மாட்டுங்கள்.

கேள்வி: என் போர்டு பி.சி.ஐ.இ. 3.0. பயாஸை அப்டேட் செய்தால் 4.0 கார்டின் முழு வேகம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஸ்லாட்டின் தலைமுறை பிராசஸரையும் போர்டின் மின்தடங்களையும் பொறுத்தது, ஃபர்ம்வேரால் உயராது. புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் ஓடும்; எத்தனை லேன் (தரவுப் பாதை) பயன்படுத்துகிறது என்பதுதான் கேள்வி. ஆர்.டி.எக்ஸ். 4060, ஆர்.எக்ஸ். 7600 இரண்டும் 8 லேன், 3.0-இல் விநாடிக்குச் சுமார் 8 ஜி.பி., பெரும்பாலான கேம்களுக்குப் போதும். ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. வெறும் 4 லேன், மெமரியும் 4 ஜி.பி.தான். மெமரி நிரம்பினால் தரவு ஸ்லாட் வழியாக ஓடியாக வேண்டும், 3.0-இல் அந்தப் பாதை விநாடிக்குச் சுமார் 4 ஜி.பி.யாகக் குறுகிவிடும், கேம் திக்கித் திணறும். உங்கள் போர்டுக்கு அந்தக் கார்டு வேண்டாம். 8 லேன் கார்டு, குறைந்தது 8 ஜி.பி. மெமரியோடு வாங்குங்கள்.