மருத்துவர் பதில்: சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம். மாமனாருக்கு 64 வயது, பிரஷரும் சர்க்கரையும் உண்டு. பிரஷருக்கு டெல்மிசார்டன் மாத்திரை சாப்பிடுகிறார், மருந்து வாங்குவது பொள்ளாச்சியில். கடையில் ‘லோ சோடியம்’ உப்பு பார்த்தேன், வாங்கலாமா? இந்துப்பு போதும் என்கிறார் நாத்தனார். வீட்டில் ஐந்து பேர், எல்லோருக்கும் ஒரே சமையல்தான்.

பதில்: இந்துப்பை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம் அம்மா. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு ஒரு வித்தியாசமும் வராது, போதாக்குறைக்கு அயோடினும் கிடைக்காது.

லோ சோடியம் உப்பு அப்படியில்லை, அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆய்வு நடத்தி 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதி கிராமங்களுக்கு வழக்கமான உப்பு, மீதிக்கு கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 தாண்டிய பிரஷர்காரர்கள். மாற்று உப்பு சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பு 12 சதவீதம் குறைந்தது. பாக்கெட்டை மாற்றியதற்கே இவ்வளவு பலன் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமான செய்தி. அங்கே உப்பு பெரும்பாலும் வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது, நம் கிராமங்களிலும் அதே கதைதானே.

ஆனால் அந்த ஆய்வில், தனக்கோ வீட்டில் வேறு யாருக்கோ கடுமையான சிறுநீரக நோய் இருந்தால் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டையும் விட்டுவிட்டார்கள். ஒரே சட்டியில் குழம்பு வைக்கும் வீட்டில் ஒருவருக்கு ஆகாத உப்பு எல்லோர் தட்டுக்கும் போய்விடும் இல்லையா? உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோது குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்களை அதில் சேர்க்கவில்லை.

உங்கள் மாமனார் விஷயத்தில் எனக்குக் கவலை இங்கேதான். சர்க்கரை சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும், டெல்மிசார்டன் நல்ல மருந்துதான் என்றாலும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும், மூட்டுவலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். பொட்டாசியம் அளவு மீறினால் பல பேருக்கு முன்னறிவிப்பே இருக்காது, நேராக இதயத்துடிப்பில் கை வைத்துவிடும். அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் (கிரியாட்டினினும் ஆல்புமினும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும்), இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் பாக்கெட் வாங்க வேண்டும். சாதாரண டெஸ்ட்தான், பெரிய ஆஸ்பத்திரி வரை போக வேண்டாம். பொட்டாசியம் 5-க்கு மேல் இருந்தாலோ, மற்ற இரண்டில் ஏதாவது சரியில்லை என்றாலோ இந்த உப்பு வேண்டவே வேண்டாம், அப்படியானால் பொட்டாசியம் உள்ள இளநீரைத் தினமும் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இல்லை என்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாறலாம், சில வாரங்களில் பொட்டாசியத்தை மறுபடி பார்த்துவிடுங்கள். அயோடின் சேர்த்த உப்புதானா என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, அவ்வளவுதான் உப்பு. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் நாற்பது நாளாவது வர வேண்டும். இப்போது எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்துப் பாருங்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்க் கொண்டாட்டம் (மிளகாய் வற்றல்), கடுமாங்காய் ஊறுகாய், பப்படம், கருவாடு இவற்றில் இருக்கும் உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் வராது, அது கூடுதல். மாமனாருக்கு ஒரு வேளைக்கு இவற்றில் ஒன்றுதான், அதுவும் தினமும் வேண்டாம். கஞ்சியில் அவர் தனியாக ஒரு சிட்டிகை போட்டுக்கொள்பவர் என்றால், முதலில் அந்த உப்பு ஜாடியைச் சாப்பிடும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.