வயர்லெஸ் டிரைவரில் அலைவரிசை விதிகளை (எந்த அலைவரிசையில், எவ்வளவு திறனில் அனுப்பலாம் என்பவற்றை) ரிவியூ செய்யும்போது எதை முதலில் பார்ப்பீர்கள்?

எண்களை. லாஜிக் எல்லாம் அப்புறம்தான்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் டிரைவர் எழுதும் வேலை எனக்கு. இந்தப் பழக்கம் ஒரு தடவை நானே கோட்டை விட்டதில் வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு விதி எழுதியிருந்தார்: 2412 முதல் 2472 மெகாஹெர்ட்ஸ் வரை. சேனல் 1-இன் நடு 2412, சேனல் 13-இன் நடு 2472. பார்த்தவுடன் சரியாகத்தானே தெரிகிறது? “டெஸ்ட் எல்லாம் பாஸ் அண்ணே” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து போர்டைத் தூக்கிக்கொண்டு கீழே மாமாக் கடைக்குப் போனோம். தே தாரிக் வருவதற்குள் ஸ்கேன் போட்டால், கடையின் வைஃபை எங்கள் பட்டியலில் இல்லை. கைபேசியில் மட்டும் முழு சிக்னல். கடை ரூட்டர் இருந்தது சேனல் 1-இல்.

லினக்ஸ் விதியில் எழுத வேண்டியது நடுப்புள்ளி இல்லை, ஓரம். 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் நடுவிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து பரவும். சேனல் 1 என்றால் 2402 முதல் 2422 வரை. அது முழுசாக விதிக்குள் அடங்காவிட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்தச் சேனலைத் தராது. எங்கள் விதியில் 1, 2, 12, 13 நான்கும் போய்விட்டன. ஆய்வகத்தில் எல்லாச் சோதனையும் சேனல் 6-இல்தான் ஓடியது, யாருக்குத் தெரியும்? 2402 – 2482 என்று மாற்றியதும் சரியானது. அதிலிருந்து இரண்டு ஓரச் சேனல்களிலும் சோதிக்காத பேட்சை (கோட் திருத்தத்தை) நான் விடுவதில்லை.

அடுத்து, அனுப்பும் திறனின் அலகு. 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். விதியை நிரப்பித் தரும் கெர்னலின் மேக்ரோவுக்கு (சுருக்கக் கட்டளைக்கு) 20 என்று கொடுத்தால் அதுவே நூறால் பெருக்கிக்கொள்ளும். மேக்ரோ இல்லாமல் நேரடியாக நிரப்பினால் 2000 என்று நாம்தான் போட வேண்டும். அங்கே 20 என்று போட்டு, ரேஞ்சே இல்லை என்று ஆன்டெனாவைத் திட்டியவர்கள் உண்டு. சேனல் 14-ஐயும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்தைந்தாகக் கூட்டும் சூத்திரம் 2477 என்று தரும், உண்மையில் அது 2484. ஜப்பானில் மட்டும்தான் அனுமதி.

எண் குறைந்தால் பயனர் கத்துவார், திருத்திவிடலாம். விதியைத் தளர்த்தும் பேட்ச்தான் ஆபத்து, அதைப் பற்றி யாரும் புகார் செய்யமாட்டார்கள். “5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் கிளம்பவில்லை” என்று சொல்லி நோ-ஐஆர் கொடியை எடுத்துவிடுவார்கள். அந்தக் கொடிக்கு அர்த்தம், நீயாக முதலில் அலை அனுப்பாதே என்பது. பெரும்பாலும் பிரச்சினை கொடியில் இல்லை. நாட்டுக் குறியீடு மலேசியாவுக்கான ‘எம்ஒய்’ என்று அமையாமல் உலகப் பொது விதியான ‘00’-இலேயே கிடக்கும். முதலில் அதைக் கேளுங்கள்.

ஒருவர் டிஎஃப்எஸ் சேனல் (ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்) கிளம்ப 60 விநாடி ஆகிறது, இது பக் என்று 5 விநாடியாகக் குறைத்து அனுப்பியிருந்தார். அந்த 60 விநாடியும் ரேடார் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கும் நேரம். ஐரோப்பிய விதியில், வானிலை ரேடார் இருக்கும் 5600 – 5650 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு அதுவே 10 நிமிடம். அந்த பேட்சில் மற்ற வரிகளை நான் படிக்கவே இல்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.