பார்த்தவர் சொன்னால் போதும், படித்தவர் சொல்ல வேண்டியதில்லை

லாரி மோதி அப்பாவுக்கு வலது கால் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அவர் கொத்தனார், சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. விபத்தைப் பார்த்தவர் எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் ஒருவர்தான், எஃப்.ஐ.ஆரில் அவர் பெயர் இல்லை. 'இவர் சாட்சியெல்லாம் செல்லாது, நான் நல்ல ஆளாக ஏற்பாடு செய்கிறேன்' என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, டீக்கடைக்காரர் சாட்சி தாராளமாகச் செல்லும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கிரிமினல் கோர்ட் இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கும். எஃப்.ஐ.ஆரில் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரை ஒதுக்கிவிட முடியாது. லாரி எந்தப் பக்கமாக ஏறி வந்தது, அப்பா எங்கே விழுந்தார், இதையெல்லாம் கண்ணால் பார்த்தபடி சொன்னால் போதும். பிரேக் தேய்ந்திருந்தது என்று அவர் சொல்லக் கூடாது, அது மோட்டார் வாகன ஆய்வாளர் வேலை.

அடுத்தவர் சொல்லிக் கேட்டது பொதுவாகச் செல்லாது. ஆனால் மோதிய கையோடு டிரைவர் கீழே குதித்து 'ஐயோ, கண் அசந்துட்டேன்' என்று கத்தி, அது டீக்கடைக்காரர் காதில் விழுந்திருந்தால், அதை அவர் கோர்ட்டில் சொல்லலாம். சம்பவத்தோடு ஒட்டி வந்த பேச்சு அது. அதே டிரைவர் அப்படிச் சொன்னதாக மறுநாள் யாரோ கடையில் பேசிக்கொண்டார்கள் என்றால் பிரயோஜனம் இல்லை. அந்த நிமிடமே காதில் விழுந்ததா என்று அவரிடம் தெளிவாகக் கேட்டு வையுங்கள்.

முன்பு சாரத்தில் ஏறியவர் இப்போது குத்துக்காலிட முடியாமல் சுவரைப் பிடித்து நிற்கிறார் என்று அம்மா சொல்லலாம். 40 சதவீத ஊனம் என்று சொல்ல டாக்டர்தான் வர வேண்டும். சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது, டாக்டரை விசாரிக்க வேண்டும் என்று 2010-லேயே ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் டாக்டர் வராமல் வாய்தா மேல் வாய்தா போகும், அதற்குள் டீக்கடைக்காரர் மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு வந்து சும்மா திரும்பிப் போவார். இந்தக் கொடுமையை யாரும் சரிசெய்கிற மாதிரி தெரியவில்லை.

வருமானத்துக்குச் சாட்சியாக மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். சையது சாதிக் வழக்கில் கையில் ஒரு கணக்கும் இல்லாத காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சரி, அந்த ஏற்பாட்டு ஆளுக்கு வருவோம். அவரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, பாஸ்புக், செக் என்று எதுவும் கொடுக்காதீர்கள். நான் பார்த்த ஒரு வழக்கில் இப்படிக் கூட்டிவந்த சாட்சி 'சிக்னலில் நின்றபோது பார்த்தேன்' என்றார், அந்த முக்கில் சிக்னலே கிடையாது. இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டார். உண்மையாகவே கால் போன மனுதாரர் பொய்யர் ஆகிவிட்டார், அந்த மனைவி வராந்தாவில் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். டீக்கடையில் அவர் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து ரோடு எப்படித் தெரிகிறது என்று இந்த வாரமே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே முன்னால் ஒரு தட்டி கட்டிவிட்டால் அப்புறம் கிடைக்காது.