தாத்தாவின் துருப்பிடித்த சவரக்கத்தியைச் சரிசெய்ய முடியுமா? பே ரம் ஆஃப்டர்ஷேவை வீட்டிலேயே செய்யலாமா?

பரணில் தாத்தாவின் மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது, துரு ஏறியிருக்கிறது, பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுபவர் ஒருவர் கால் மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, பே ரம் செய்யப் பிரிஞ்சி இலை போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பாலிஷ்காரரிடம் கொடுக்காதீர்கள். பிரிஞ்சி இலையும் வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் மாயவரம் பக்கம் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவன். தாத்தா வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர். அப்பா கடை வைத்தவர். நான் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன், ஆனாலும் கத்தி தீட்டத் தெரியும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதை ‘விண்டேஜ் ஹாபி’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய கத்தி ஒன்று உயிரோடு இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தப்பான யோசனை சொல்லி நல்ல கத்தியைக் கெடுத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பாலிஷ்காரரின் மோட்டார் சக்கரம் ஏன் கூடாது என்று சொல்கிறேன். சவரக்கத்தியின் இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்திருக்கும். முதுகு தடிமனாக இருக்கும், வெட்டும் விளிம்பான வாய்ப் பக்கம் வர வர காகிதம் போல மெலிந்துவிடும். அந்த மெல்லிய இடத்தில் சக்கரம் பட்டால் நொடியில் சூடேறும். கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வைக்கோல் நிறம் காட்டும், 300-ஐ நெருங்கினால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் இளகிப்போன இடம். அப்புறம் எத்தனை கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. பார்க்க மட்டும் பளபளவென்று இருக்கும். இணையத்தில் ‘புதுப்பித்த கத்தி’ என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்பதில் பல இந்த மாதிரிதான். முத்திரை எழுத்து பாதி தேய்ந்து, முதுகின் விளிம்பெல்லாம் உருண்டு போயிருக்கும்.

கையால் செய்யுங்கள். மெல்லிய எண்ணெய், அதாவது தையல் மெஷினுக்குப் போடுவோமே அதைத் தடவி ஒரு நாள் ஊறவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துக் கெட்டியாகும். பிறகு 600, 1000, 2000 என்று வரிசையாக வாட்டர் பேப்பர் (எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும், கல்லிலும் அப்படித்தான்). கத்தியை ஒரு மரக்கட்டையில் படுக்க வைத்து, முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ளித் தேயுங்கள். வாயிலிருந்து முதுகுக்கு இழுத்தால் விரல் போய்விடும். செந்துரு முழுக்கப் போகட்டும். கறுத்த தழும்பு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அது கத்தியை ஒன்றும் செய்யாது. புள்ளிப் புள்ளியாக அரித்த குழி வாயை ஒட்டி இருந்தால்தான் கவலை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழி வாயைத் தொட்டால் தீட்டும்போது அந்த இடம் உதிரும். வாயில் விரிசல் இருந்தாலும் சவரத்துக்கு ஆகாது, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வினிகரில் ஊறப்போட்டால் துரு தானாகப் போகுமே என்று கீழே யாராவது எழுதுவார்கள். போகும். கூடவே நல்ல எஃகையும் அரித்து, சாம்பல் பூத்தது போல ஆக்கிவிடும். அரிவாளுக்குச் செய்யுங்கள், சவரக்கத்திக்கு வேண்டாம்.

பிடியையும் கவனியுங்கள். கொம்பு, மரம் என்றால் பயமில்லை. செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் பிடியாக இருந்து, கத்தியை விரித்ததும் சூடம் மாதிரியோ காரமாகவோ வாசனை அடித்தால் அந்தப் பிடி சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து வரும் அமில ஆவி கத்தியைத் திரும்பத் திரும்பத் துருப்பிடிக்க வைக்கும். பிடியைக் கழற்றி மாற்றத்தான் வேண்டும். தந்தப் பிடி என்று சந்தேகம் வந்தால் விற்கக் கிளம்பாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் தந்த வியாபாரம் குற்றம்.

இப்போது எங்கள் வீட்டுக் கத்தி. பினாங்கிலிருந்து வந்த ஓர் உறவினர் தாத்தாவுக்குக் கொடுத்தது, ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி. தாத்தா போனபின் அப்பா அதைக் கொஞ்ச காலம் வைத்திருந்தார். எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்து, ஆளுக்கு ஒரு புது பிளேடு என்று ஆனதும், பிளேடை இரண்டாக உடைத்துச் செருகும் கத்திக்குக் கடைகள் எல்லாமே மாறின. அது சரியான மாற்றம், நான் குறை சொல்லவில்லை. நீங்களும் தாத்தா கத்தியை உங்கள் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களுக்குக் கொடுக்காதீர்கள். பழைய கத்தி, சவரக் கருவிகள் வைக்கும் அடைப்பத்தோடு அலமாரியில் போய் உட்கார்ந்தது. கடையை மூடிய பிறகு வீட்டைக் காலி செய்யும்போது நான் எடுத்துக்கொண்டேன்.

துருவை எடுத்து, பித்தளை ஆணியை இறுக்கி, பெருமையாக அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “பளபளப்பு கிடக்கட்டும்டா, வாயைக் காட்டு” என்றார். கட்டைவிரலைக் குறுக்காக வைத்து மெல்லத் தடவிவிட்டு, “கல்லை எடுத்துட்டு வா” என்றார்.

தீட்டுவதில் பலர் பயப்படும் விஷயம் கோணம். சவரக்கத்தியில் அந்தக் கவலையே கிடையாது. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி தட்டையாகப் படுக்க வைத்தால் போதும். கோணத்தை, கத்தியைச் செய்தவரே முதுகின் தடிமனில் வைத்துக் கொடுத்திருக்கிறார். வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும், கல்லின் முடிவில் முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே புரட்டித் திரும்ப வேண்டும். அழுத்தம் கத்தியின் எடை மட்டும்தான். வாய் மழுங்கியே போயிருந்தால் 1000 கல், பிறகு 3000 அல்லது 5000, பிறகு 8000, முடிந்தால் 12000. பாதிப் பேர் 1000 கல்லிலேயே அவசரப்பட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். முழு நீளத்துக்கும் வாய் ஒரே மாதிரி அமையாமல் அடுத்த கல்லுக்குப் போனால் அத்தனையும் வீண் உழைப்பு. தாத்தா காலத்தில் எண் போட்ட கல் ஏது? அப்பா இரண்டு இயற்கைக் கல் வைத்திருந்தார், சோப்பு நுரை தடவித் தேய்ப்பார்.

கடைசியாகத் தோல் வார். இங்கே முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். மாற்றிச் செய்தால் வார் அறுந்துவிடும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாரின் சத்தத்தைத்தான் கேட்டார். வாய் சரியாக அமைந்தால் சீராக ஒரு சத்தம் வரும், எங்காவது பிசிறு இருந்தால் அந்த இடத்தில் சத்தம் உடையும். இரண்டு முறை கல்லுக்குத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக் கழுத்தில் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை உட்கார வைத்தவர். தாத்தாவின் கத்தியால் அவருக்கு நான் சவரம் செய்தேன். சவரம் முடிந்ததும் தாடையைத் தடவிப் பார்த்து, “இடது பக்கம் தோலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்” என்று மட்டும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அதுதான் பாராட்டு.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் என் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அப்பா என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று தகவல் வந்தது. அந்த வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ பலகை அதற்குப் பிறகும் பல வாரம் தொங்கியது. இன்று வெளிநாட்டுக் கத்தியும் தோல் வாரும் வாங்கிப் படம் போடுகிறவர்களுக்கு ஆயிரம் விருப்பம் விழுகிறது. இதையே பிழைப்பாகச் செய்தவர் களத்துமேட்டில் நெல்லுக்கு நின்றார், கொல்லைப்புற வாசலில் காத்திருந்தார். ‘எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதே’ என்று எழுத நினைப்பவர்கள், அந்த வீட்டுக்காரரிடம் போய் எழுதட்டும்.

சரி, பே ரம். இது மேற்கிந்தியத் தீவுகளின் சரக்கு. அங்கே வளரும் பிமென்டா ரேசிமோசா என்ற மரத்தின் இலையை ரம்மில் வடித்து எடுத்தது. கரீபியன் கடலில் செயின்ட் ஜான் தீவில் இலை பறித்து, பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸில் புட்டியில் அடைத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பேர்பெற வைத்தவர் ரீசே என்ற டேனிஷ் மருந்துக்கடைக்காரர். அந்தத் தீவுகள் அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தன, 1917-இல்தான் அமெரிக்காவுக்கு விற்றார்கள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியையும் 1845 வரை அதே டென்மார்க்தான் வைத்திருந்தது. இன்று இந்த இலையின் எண்ணெய் பெரும்பாலும் டொமினிகா தீவிலிருந்து வருகிறது.

பிரிஞ்சி இலை இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது, நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். கடைகளில் ‘பே லீஃப்’ என்று விற்கும் மேல்நாட்டு இலை இன்னொரு மரம், நடுவில் ஒரே நரம்பு. இரண்டிலும் பே ரம் வாசனை வராது. பே ரம் இலையைக் கசக்கினால் கிராம்பு வாசனை அடிக்கும். அது கிடைக்காவிட்டால் அதன் நெருங்கிய சொந்தமான ஆல்ஸ்பைஸ் இலையையும் காயையும் வைத்துச் செய்யலாம். கேரள நாற்றுப் பண்ணைகளில் சர்வசுகந்தி என்று கன்றே விற்கிறார்கள்.

என் அளவு இது: கால் லிட்டர் ரம், பத்துப் பன்னிரண்டு காய்ந்த இலை, ஒரு தேக்கரண்டி இடித்த ஆல்ஸ்பைஸ், மூன்று கிராம்பு, சுண்டுவிரல் நீளத்தில் பாதி பட்டை, ஓர் ஆரஞ்சின் தோல். தோலில் வெள்ளைச் சதை இருக்கக் கூடாது. கண்ணாடிப் புட்டியில் போட்டு இருட்டில் மூன்று வாரம், தினமும் ஒரு குலுக்கு. பிறகு துணியில் ஒரு முறை, காபி வடிகட்டும் தாளில் ஒரு முறை வடித்து, அரைத் தேக்கரண்டி கிளிசரின் சேருங்கள். பட்டையைக் கூட்டாதீர்கள், தோல் எரியும். எலுமிச்சைத் தோல் வேண்டவே வேண்டாம், அதைத் தடவி வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகலாம். இலைக்குப் பதில் எண்ணெய் வாங்கினால் 100 மில்லிக்குப் பத்துச் சொட்டைத் தாண்டாதீர்கள், அப்போது கிராம்பும் போடாதீர்கள். இரண்டிலும் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது, அளவு மீறினால் ஒவ்வாமை வரும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே முகம்.

ரம் விலைக்குப் பயந்து பெயின்ட் கடை ஸ்பிரிட்டில் செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அதில் மெத்தனால் இருக்கும், தோல் வழியாகவும் ஏறும். செய்து முடித்த பே ரம் புட்டியின் மேல் பெயர் எழுதி, குழந்தைகளுக்கும் குடிப்பவர்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

சவரம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் முகம் கழுவி, படிக்காரம் தடவி, அதையும் கழுவித் துடைத்த பிறகு பே ரம். கத்தியைத் துடைத்துக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் போட்டுக் குளியலறைக்கு வெளியே வையுங்கள். முதல் சில வாரம் கன்னத்தில் மட்டும் சவரம் செய்யுங்கள், கழுத்தும் தாடையும் பிறகு.

உங்கள் கத்தி எந்தக் காலத்தது என்று தெரிய வேண்டுமானால், பிடிக்குள் மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். ஜெர்மனி, இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது, அமெரிக்காவின் 1890 இறக்குமதி வரிச் சட்டம் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னதால் வந்த வழக்கம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தியில் ‘சில்வர் ஸ்டீல்’ என்று இருந்தால் எனக்கு அவசியம் காட்டுங்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819-இல் நம் நாட்டு உருக்கை ஆராய்ந்து, ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து எஃகில் வெள்ளி கலந்து பார்த்த சோதனைகளுக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த பெயர் அது. படம் தெளிவாக இருந்தால் 1000 கல்லில் தொடங்கலாமா, நேரே 5000-க்குப் போகலாமா என்பதையும் சொல்லிவிடுவேன்.