கேள்வி நேரம்: பழைய ஃபிலிம் கேமரா

கேள்வி: பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒலிம்பஸ் ட்ரிப் 35 கேமரா ஒன்றைப் பார்த்தேன். “இதற்குப் பேட்டரியே தேவையில்லை, கெட்டுப்போக உள்ளே ஒன்றுமில்லை” என்று விற்பவர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் படமெடுக்க உதவுமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பேட்டரி தேவையில்லை என்பது உண்மை, கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பது வியாபாரப் பேச்சு. 1960-களின் இறுதியில் வெளிவந்து 1984 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் கேமராவில், லென்சைச் சுற்றிக் குமிழ் குமிழாகத் தெரியும் வளையத்தின் பின்னால் செலினிய ஒளிமின்கலம் இருக்கிறது. வெளிச்சம் படும்போது அதில் உண்டாகும் சிறு மின்சாரமே மீட்டர் முள்ளை நகர்த்தி, லென்ஸ் துவாரத்தின் அளவையும், 1/40 அல்லது 1/200 நொடி என்ற இரண்டு ஷட்டர் வேகங்களில் ஒன்றையும் முடிவு செய்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மின்கலம் வலுவிழக்கும்.

ஆகவே, விலை பேசுவதற்கு முன் சந்தையிலேயே சோதித்துவிடுங்கள், ஃபிலிம் தேவையில்லை. லென்ஸ் வளையத்தைத் தானியங்கி முறையைக் குறிக்கும் ‘ஏ’ குறியில் வைத்து, பின்புறச் சக்கரத்தை நிற்கும்வரை திருகி, வெளிச்சமான பக்கம் நோக்கிப் பொத்தானை அழுத்தினால் ஷட்டர் இயங்க வேண்டும். மறுபடியும் திருகி, லென்சை உள்ளங்கையால் முழுவதும் மூடிக்கொண்டு அழுத்தினால், காட்சித் துளைக்குள் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் இயங்க மறுக்க வேண்டும். நல்ல வெயிலிலும் கொடி எழுந்தால் மின்கலம் பெரும்பாலும் செத்துவிட்டது என்று கொள்ளலாம்; அலமாரியில் அழகுக்கு வைப்பதற்கல்லாமல் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடிச் சோதனையில் தேறிவிட்டாலும் மின்கலம் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை நிழலிலும் அழுத்திப் பாருங்கள். நிழலில் துவாரம் பெரிதாகத் திறப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே அளவாக இருந்தால் துவாரத் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நம் ஊரில் மின்கலத்தைவிட எனக்கு அதிகம் அச்சம் தருவது பூஞ்சைதான். கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து லென்சை முன்னும் பின்னும் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுவது நல்லது. நல்ல கேமராவே கிடைத்தாலும், கூடவே வரும் தோலுறைக்குள் அதைப் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது போதும். பின்மூடியின் ஓரப்பள்ளத்தில் உள்ள கறுப்பு நுரைப்பட்டை பிசுபிசுவென்று உதிர்ந்தால் கவலை வேண்டாம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலை வைத்து ஒட்டினாலே வெளிச்சம் கசிவது நின்றுவிடும்.

தைப்பூசத்தைப் பொறுத்தவரை, பகலில் காவடிகளை எடுக்க இது மிக ஏற்ற கேமரா. தூரத்தை அளக்கும் வசதி இதில் கிடையாது. எடுக்கும் தூரத்துக்கேற்ப, லென்சில் உள்ள ஒருவர், இருவர், குழு, மலை என்ற நான்கு குறிப்படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெயிலில் துவாரம் தானே சிறுத்து, அருகிலும் தொலைவிலும் உள்ளவை தெளிவாக விழும் எல்லை (தெளிவின் ஆழம்) கூடிவிடுவதால், கூட்டத்தில் ‘குழு’வில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டே போகலாம். ஃபிலிம் 200 வேகத்தில் (ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்) இருக்கட்டும். 400 போட்டால், நடுப்பகல் வெயிலுக்கே 1/200 நொடியும் எஃப் 22 துவாரமும் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்) தேவைப்படும். அதுதான் இந்தக் கேமராவின் கடைசி எல்லை. அதற்கு மேல் அதனால் குறைக்க முடியாது. வாங்கிய ஃபிலிமின் எண்ணை லென்ஸ் வளையத்திலும் மறவாமல் மாற்றுங்கள்.

இரவில் நிலைமை வேறு. அதிகபட்சத் துவாரம் எஃப் 2.8-தான் என்பதால், விளக்கொளியில் வரும் இரதத்துக்கும் கோயிலின் உட்பிரகாரத்துக்கும் சிவப்புக் கொடிதான் பதிலாகக் கிடைக்கும். ஃபிளாஷ் பொருத்தலாம், ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு எட்டும் வெளிச்சம் இரதத்துக்கு எட்டாது. அந்நேரம் கைப்பேசியை எடுப்பதில் வெட்கமில்லை.

கேள்வி: தாத்தாவின் கேனன் கேனோனெட் கியூஎல்17 ஜி3 கேமராவுக்கான பேட்டரி கோலாலம்பூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், செந்தூல்

பதில்: தேடி அலைய வேண்டாம். 1972-ல் வந்த அந்தக் கேமரா 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக அவை சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட் தருவதால், மீட்டர் வெளிச்சத்தை அதிகமாகக் கணித்துப் படத்தை இருட்டாக்கும். மருந்தகங்களில் காதுக் கருவிக்கு விற்கும் 675 அளவுத் துத்தநாகக் காற்றுப் பேட்டரி 1.4 வோல்ட் தரும். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டினால் இடத்தில் அசையாமல் நிற்கும். ஒட்டுத்தாளை உரித்த பிறகு சில வாரங்கள்தாம் தாங்கும் என்பதால், படமெடுக்கும் அன்று உரித்தால் போதும். பேட்டரியே இல்லாவிட்டாலும் ஷட்டரும் துவாரமும் கையால் இயங்கும்; கைப்பேசியில் ஒளிமானிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு இன்றே தொடங்கலாம்.