முந்திரித்தோப்பை விற்காதீர்கள்
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு வந்தது. அம்மா, மகள், கூடவே தாய்மாமா. பேசியதெல்லாம் மாமாதான். நீட் இரண்டாவது தடவை எழுதியாயிற்று. தகுதி மார்க் வந்துவிட்டது, அரசு இடத்துக்குத்தான் போதவில்லை. பண்ருட்டி பக்கத்து முந்திரித்தோப்பை விற்றால் புதுச்சேரியில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடலாமாம்.

‘பதறாதீங்க, பார்க்கலாம்’ என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். பக்கத்துக்கு ஒரு வட்டம், வளையலை வைத்து வரைந்தது. உள்ளே பென்சில் புள்ளிகள், கீழே தேதி. தாத்தாவின் பழைய பைனாகுலர் வழியாக வெள்ளை அட்டையில் விழும் சூரியனைப் பார்த்து, தினமும் மொட்டைமாடியில் வரைந்திருக்கிறாள். (நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அது அவளுக்கே தெரிந்திருந்தது.) ஒரு கரும்புள்ளி ஒரு விளிம்பில் முளைத்து, நாளுக்கு நாள் நகர்ந்து, பதின்மூன்றாம் நாள் மறு விளிம்பில் காணாமல் போகிறது. ‘படிக்காம இதைத்தான் கிறுக்குறா’ என்றார் அம்மா.

அம்மா, அது கிறுக்கல் இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக இதே வேலையைத்தான் செய்துவந்தார்கள்.

டாக்டர், இன்ஜினீயர் வழியெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களே சொல்வார்கள். நான் சொல்வது விண்வெளி வானிலை. புயல் எச்சரிக்கை என்றால் என்னவென்று கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தோப்பே 2011-இல் தானே புயலில் சாய்ந்து, மறுபடி நட்டதுதானே? சூரியனும், அவள் வரைந்த மாதிரிக் கரும்புள்ளிகளின் பக்கத்திலிருந்து, அப்படிப் புயல் அனுப்பும். மின்னேற்றமுள்ள துகள்கள் ஒன்றிரண்டு நாளில் பூமிக்கு வந்து சேர்ந்து, அதன் காந்தப்புலத்தைக் குலுக்கும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் மின்சாரமில்லாமல் இருளில் கிடந்தது இதனால்தான். 2022 பிப்ரவரியில் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பியதில், ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40 விழுந்து எரிந்தன. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் இரவு வானமே சிவந்தது.

இதை முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும். 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய இஸ்ரோவின் விண்கலம் ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது. அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போவதால், திருநெல்வேலியிலும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் உண்டு.

வழி இதுதான்: பி.எஸ்சி. இயற்பியல். கடலூர் பெரியார் அரசுக் கல்லூரியே போதும். வீட்டுச் சாப்பாடு, சொற்பக் கட்டணம். மூன்றாம் வருஷம் ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சிப் படிப்புக்கான ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வு எழுதி ஆராய்ச்சி. இன்றே பைதான் என்ற கணினி மொழியைக் கற்க ஆரம்பிக்கட்டும், அது இல்லாமல் இந்தத் துறையில் ஒன்றும் நடக்காது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் அரசே தரும்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: பத்து வருஷம் ஆகும், பதவிகள் குறைவு. ஆனால் தரவு அலசத் தெரிந்த இயற்பியல் பட்டதாரி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். தோப்பை விற்று வாங்கிய டாக்டர் சீட்டில், விருப்பமில்லாத பிள்ளை நடுவில் நின்றால் தோப்பும் திரும்ப வராது.

மாமாவுக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும். நோட்டு வரைந்தவள் அவர் இல்லை.

அம்மா, இந்த வருஷ முந்திரி விற்ற காசில் அவளைக் கொடைக்கானல் கூட்டிப்போங்கள். நோட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.