பூனைக்கு எட்டும் உயரம், உங்கள் கைக்கு எட்டும் இடம்

பூனை நகம் தீட்டும் கட்டையைக் கடைக்காரர்கள் 'ஸ்க்ராட்சிங் போஸ்ட்' என்பார்கள். நான் பிறாண்டுகட்டை என்றே எழுதுகிறேன். வந்த கேள்விகளில் முழங்கால் வலி, வாக்கர், சக்கர நாற்காலி என்று நடமாட்டம் குறைந்தவர்கள் கேட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். நானும் இரண்டு ஆண்டுகளாகக் கைத்தடிக்காரன்.

முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறேன். மகன் மூன்று தட்டு வைத்த பெரிய கட்டை அனுப்பினான். பூனை அதன்மேல் ஏறித் தூங்குகிறது. பிறாண்டுவது மட்டும் சோபாவைத்தான். ஏன்?
*– வாசகி, வயது 71, பாளையங்கோட்டை*

அம்மா, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கட்டையின் உச்சியை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். ஆடுகிறதல்லவா? பூனை பின்னங்காலை ஊன்றி, முதுகை நீட்டி, உடம்பின் எடையை எல்லாம் நகத்தில் தொங்கவிட்டு இழுக்கும். இழுக்கும்போது அசைந்த பொருளை அது மறுமுறை நம்பாது. உங்கள் சோபா அசைவதில்லை.

இன்னொன்று, தட்டு வைத்த கட்டைகளில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே ஒன்றரை அடிகூடத் தேறாது. வளர்ந்த பூனை முழுதாக நீட்டி நிமிர ஏறத்தாழ 3 அடி வேண்டும். பூனை நகத்தின் மேலுறையை உரிப்பதற்காக மட்டும் பிறாண்டுவதில்லை. தசையை நீட்டிச் சோம்பல் முறிப்பதும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையைப் பூசி 'இது என் இடம்' என்று எழுதி வைப்பதும் அந்த ஒரே வேலையில் அடக்கம். ஆகவே ஒற்றைத் தூணாக, 3 அடி உயரத்தில், கனமான அடித்தட்டோடு வாங்குங்கள். தட்டுக் கட்டை படுக்கையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பூனை பெரும்பாலும் தூங்கி எழுந்ததும் பிறாண்டும். எனவே அது படுக்கும் இடத்துக்கு அருகில், இப்போது பிறாண்டுகிற சோபாவை ஒட்டியே வையுங்கள். ஆனால் கட்டிலிலிருந்து குளியலறைக்கு நீங்கள் நடக்கும் வழியில் மட்டும் வேண்டாம். அடித்தட்டின் விளிம்பு ஓர் அங்குல உயரம்தான். வாக்கரின் கால் இடறுவதற்கு அது தாராளம். இரண்டு சுவர் சேரும் மூலையில் தள்ளிவிடச் சொல்லுங்கள். சாம்பல் நிறத் தட்டு மொசைக் தரையில் ராத்திரி கண்ணுக்குத் தெரியாது. விளிம்பைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டுங்கள். நான் ஒட்டாமல் விட்டு ஒரு நாள் பட்டேன். கீழே விழாதது பக்கத்தில் இருந்த பீரோ புண்ணியம்.

சக்கர நாற்காலியில் இருக்கிறேன், கைகள் நன்றாக இருக்கின்றன. கடையில் விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. நானே செய்துகொள்ள முடியுமா?
*– வாசகர், சேரன்மகாதேவி*

முடியும், கடைச் சரக்கைவிட நன்றாகவே முடியும். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 3 அடி வெட்டி வாங்குங்கள். கனமில்லாததால் மடியில் கிடத்திக்கொண்டே வேலை பார்க்கலாம். வழவழப்புப் போக உப்புத்தாளால் தேய்த்து, இரு முனையிலும் துளையிட்டுக் கயிற்றை உள்ளே விட்டு முடிச்சிடுங்கள். பிறகு குழாயை உருட்டி உருட்டி, இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றுங்கள். 8 மில்லிமீட்டர் கயிறு என்றால், இரண்டடி உயரத்துக்கு 28 மீட்டர் பிடிக்கும். முடிச்சுக்கும் சேர்த்து 30 மீட்டர் கேளுங்கள். அடியில் ஓர் அடியைச் சுற்றாமல் விட்டுவிடலாம், பூனையின் நகம் அவ்வளவு கீழே வராது.

கயிற்றுக்கடை அண்ணாச்சி நைலான் கயிற்றை எடுத்துப் போட்டால் வாங்காதீர்கள். அதில் நகம் கிழிக்காது. ரயில் கற்றாழை வகை நாரில் திரித்த கயிறு முதல் தரம். தென்னை நார்க் கயிறும் தோதுதான். தும்பு உதிரும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் பிடிக்கும். சாரல் அடிக்காத இடமாகப் பாருங்கள்.

அடிப்பாகத்துக்கு? உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கல் உரல் ஒன்று கொல்லையில் சும்மா கிடக்கும். அதன் குழியில் குழாயை நிறுத்தி, சுற்றிச் சல்லியும் சிமெண்டும் போட்டு இறுக்கிவிட்டால் எந்தப் பூனையும் அசைக்க முடியாது. உரலை நகர்த்த ஆள் வேண்டும், அது ஒரே ஒரு முறைதான். உங்கள் நாற்காலியின் கால்மிதி இடிக்காமல் பக்கவாட்டில் வந்து நிற்க இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். கயிறு தளர்ந்தால் நீங்களே இறுக்கலாம். வீட்டில் மரத்தூண் இருந்தால் இத்தனையும் வேண்டாம். தூணிலேயே கயிற்றைச் சுற்றுங்கள்.

எங்கள் பூனை கட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பாயைத்தான் கிழிக்கிறது.
*– வாசகி, பத்தமடை*

பத்தமடையில் பிறந்த பூனைக்குப் பாய்மேல்தானே ஆசை வரும்! சில பூனைகளுக்கு நின்று பிறாண்டப் பிடிக்காது. தரையோடு கிடப்பதைப் பிறாண்டத்தான் பிடிக்கும். பழைய கோரைப் பாயின் ஒரு துண்டைப் பலகையில் அறைந்து கொடுங்கள். ஆணித்தலை வெளியே தெரியக் கூடாது. பலகை முனையில் கயிற்று வளையம் ஒன்று கட்டிவிட்டால், குனியாமல் கைத்தடியின் வளைவில் மாட்டி இழுத்துக்கொள்ளலாம்.

பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை வராது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். பூனையின் நகத்தை ஒரேயடியாக எடுத்துவிடலாமா?
*– வாசகர், மேலப்பாளையம்*

கூடாது. நகத்தை எடுப்பது என்பது நகம் வெட்டுவது அல்ல. விரலின் கடைசி எலும்பையே துண்டிப்பது. அதற்குப் பதிலாக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டினால் போதும். ஒற்றைக் கையால் நீங்கள் முயல வேண்டாம். பேரனோ பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரோ செய்யட்டும். பூனைக்கு வயதாகியிருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். கிழட்டுப் பூனை பிறாண்டுவதைக் குறைத்துவிடும், நகம் வளைந்து பாதச் சதைக்குள்ளேயே இறங்கிவிடும்.

கீறல் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய் பூனையாலும் வரும். உங்கள் மாத்திரையால் ரத்தம் நிற்கவும் நேரமாகும்.

கயிறு பிய்ந்து தொங்குகிறது. மாற்ற வேண்டுமா?
*– வாசகி, அம்பாசமுத்திரம்*

வேண்டாம். பிய்ந்த கயிறுதான் பூனைக்கு ருசி, அதன் வாசனையும் அதில்தான் இருக்கிறது. காலில் சிக்கும் நீளத்துக்குத் தொங்கும் இழையை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

புதுக் கட்டையைப் பழக்குவது எப்படி? இழுத்துக் காட்ட என்னால் குனிய முடியாது.
*– வாசகர், விக்கிரமசிங்கபுரம்*

காலைப் பிடித்துக் கட்டையில் தேய்க்கவே வேண்டாம், பூனை மிரண்டுவிடும். கம்பு நுனியில் ஒரு நூலைக் கட்டி, உட்கார்ந்தபடியே கட்டையின் மேல் ஆட்டுங்கள். அதைவிட நல்ல வழி உங்கள் தெருவிலேயே முளைத்துக் கிடக்கிறது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? மழை பெய்த மறுவாரம் ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தரச் சொல்லி, கழுவி, வேரை நசுக்கிக் கயிற்றில் தேய்த்துவிடுங்கள். தின்னக் கொடுக்க வேண்டாம். எல்லாப் பூனைக்கும் பித்துப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பிடித்துவிட்டால் கட்டையடியில் உருண்டு புரளும். அந்தக் கால் மணி நேரம் மட்டும் வாக்கரோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.